ஏஐ வந்தால் மீற்றர் வட்டி ஒழியுமா?

இழையின் முதல் பதிவு (ஒரு தம்பி எழுதியது), 12 ஜனவரி 2025

"யாழ்ப்பாணத்தில் சிறுதொழில் செய்கிறவனுக்கு வங்கி கடன் கொடுக்காததற்கு ஒரே காரணம், அவனைப் பற்றிய தரவு வங்கியிடம் இல்லாததுதான். போன் பாவனை, மின்கட்டணம், கியூஆர் விற்பனை எல்லாவற்றையும் ஏஐயிடம் கொடுத்தால் பிணையாளியும் வேண்டாம், காணி உறுதியும் வேண்டாம், பத்து நிமிடத்தில் கடன் வரும். சோலாருக்கும் சொட்டுநீருக்கும் குறைந்த வட்டியில் பசுமைக் கடன் வரும். நாளுக்கு நாள் கந்துவட்டி ஏற்றுகிற மீற்றர் வட்டிக்காரன் தானாக ஒழிவான். மறுக்கிறவர்கள் காரணத்தோடு மறுக்கவும்."

12 ஜனவரி, இரவு (இங்கிருந்து எல்லாம் என் பதில்கள்)

தம்பி, பாதியை ஏற்கிறேன். சுன்னாகப் பக்கம் சிறு கடைகளுக்கும் மில்களுக்கும் கணக்கு எழுதிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. ஒரு லட்சம் கேட்கிற தோட்டக்காரரைப் பார்க்க வங்கி உத்தியோகத்தர் போய்வருகிற செலவும், ஐம்பது லட்சம் கேட்கிறவரைப் பார்க்கப் போய்வருகிற செலவும் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால் சின்னக் கடன் வங்கிக்குக் கட்டாது. ஆளை விசாரிக்கிற இந்தச் செலவை ஏஐ குறைக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வட்டியில் அது ஒரு துண்டு மட்டும். காசின் விலை இருக்கிறது, திரும்பி வராத கடன் இருக்கிறது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே அடியாகக் வங்கி வட்டிகளுக்கெல்லாம் அடிப்படையான கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி ஏற்றியபோது எந்தக் கணினி வந்திருந்தாலும் மலிவுக் கடன் கிடைத்திராது.

மீற்றர் வட்டி பற்றிச் சொன்னது தலைகீழ். ஊரில் தரவு அதிகமாக வைத்திருக்கிறவனே அவன்தான். யார் வீட்டில் கலியாணம், யாருடைய பம்ப் எரிந்தது, யாருடைய மகன் லண்டனில் வேலை இழந்தான், எல்லாம் பின்னேரம் சந்தியில் நின்றாலே அவனுக்குத் தெரிந்துவிடும். இந்த நேரத்தில் உனக்கு வேறு வாசல் இல்லை என்று தெரிந்துதான் அவன் அந்த வட்டியைச் சொல்கிறான்.

13 ஜனவரி

பிணையில்லாத கடன் இங்கே புதிதும் இல்லை. 2009-இல் சண்டை முடிந்த பிறகு வந்த நுண்கடனை, கொம்பனிகள் பிணையில்லாமல் கொடுத்த சின்னக் கடனை, மறந்துவிட்டீர்களா? ஒரே பெண் திங்கட்கிழமை ஒரு கொம்பனிக்கும் புதன்கிழமை இன்னொரு கொம்பனிக்கும் கட்டினார். இரண்டாவதைக் கட்ட மூன்றாவதிடம் வாங்கினார். 2018-இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில், ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் கடனைத் தீர்க்க அரசே இறங்கவேண்டி வந்தது. நுண்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 35 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்ததும் அப்போதுதான். 35 என்பது உச்சவரம்பு என்றால் முன்பு எவ்வளவு போயிருக்கும் என்று யோசியுங்கள்.

கடன் தகவல் பணியகம், நாங்கள் 'கிறிப்' என்கிறது, 1990 முதல் இந்த நாட்டில் இருக்கிறது. யார் யாரிடம் எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்று ஒரு இடத்தில் பார்ப்பதற்கு ஏஐ தேவைப்படவில்லை. வாசல்படியில் கொப்பியோடு நின்றவர்களுக்குப் பார்க்கிற விருப்பம் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

13 ஜனவரி, மத்தியானம்

'கென்யாவில் போன் தரவை வைத்துக் கடன் கொடுக்கிறார்களே' என்று கேட்டவருக்கு: எம்-ஷ்வாரி என்ற போன் கடன் சேவை 2012-இல் தொடங்கியது. போனில் காசு அனுப்பிய பழக்கத்தைப் பார்த்துச் சின்னக் கடன் கொடுத்தார்கள். அது பிடித்ததும் செயலிக் கடன்காரர்கள் புற்றீசலாகக் கிளம்பினார்கள். கட்டாதவரின் போனில் உள்ள உறவினருக்கெல்லாம் அழைத்து மானத்தை வாங்கினார்கள். 2022-இல் கென்ய மத்திய வங்கி அவர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று விதி கொண்டுவந்தது. இரண்டு பக்கமும் அதே நாட்டில்தான் நடந்தது.

19 ஜனவரி

தரவு, தரவு என்கிறோம். எந்தத் தரவு? சந்தையில் வெங்காயத்துக்கு என்ன நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தோட்டக்காரர் 100 கிலோ கொண்டுவருகிறார். தராசில் நிறுக்கிறார்கள், 100 தான். ஆனால் 'கழிவு' என்று பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோ விடுகிறார்கள். மண், ஈரம், வாடல் என்று காரணம் சொல்வார்கள். கத்தரிக்காய்க்கும் அதேதான், கத்தரிக்காயில் என்ன மண்? சந்தையில் எழுதித் தருகிற துண்டில் 90 கிலோ என்று விழும், 90-க்குத்தான் காசு. சில இடங்களில் இதற்குமேல் தரகும் போகும். இதை நிறுத்தவேண்டும் என்று எத்தனையோ கூட்டம் போட்டுப் பார்த்தாகிவிட்டது.

இப்போது ஒரு ஏஐ வருகிறது. சந்தை விலை இணையத்தில் இருக்கிறது, ஒரு பரப்புக்கு (ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு) இவ்வளவு விளைச்சல் என்று திணைக்களத்தின் சராசரி இருக்கிறது. இரண்டையும் பெருக்கி வருமானம் என்று போட்டுக்கொள்ளும். பத்துக்கு ஒன்று எங்கே போனது என்று அதற்குத் தெரியாது. அந்தக் கணக்கில் கடன் கொடுத்தால், தோட்டக்காரர் கட்டக்கூடிய தவணையைவிடப் பெரிய தவணை விழும். சறுக்கினால் 'இந்தப் பகுதி வெங்காயக்காரர் கட்டமாட்டார்கள்' என்று அதே ஏஐ கற்றுக்கொள்ளும்.

இதையே திருப்பிப் போட்டால் நல்ல வேலை ஒன்று இருக்கிறது. தோட்டக்காரர் வீட்டில் நிறுத்ததையும் சந்தைத் துண்டையும் போனில் படம் பிடித்து வைத்தால், ஒரு போகம் முடியக் கழிவு எவ்வளவு ரூபா என்று கூட்டித் தரலாம். அந்தத் தொகையைப் பிரதேச சபைக் கூட்டத்தில் வைத்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும்.

20 ஜனவரி

மேலே சொன்ன படம்பிடிக்கிற யோசனையை நானே சோதித்துப் பார்த்தேன். அச்சடித்த துண்டை நன்றாக வாசிக்கிறது. கையெழுத்துத் தமிழில் '4 மூடை' என்பதை '4 முட்டை' என்று போட்டது. வெங்காய வியாபாரி ஒரே இரவில் கோழிப்பண்ணைக்காரன்.

26 ஜனவரி

கனடாவில் இருந்து எழுதிய அண்ணைக்கு. "வங்கிக் கணக்கைப் பார்த்தாலே ஆளைப் பிடித்துவிடலாம்" என்கிறீர்கள். நீங்கள் அம்மாவுக்குக் காசு அனுப்புவது வங்கியாலா, உண்டியலாலா (வங்கிக்கு வெளியே ஆள்மூலம் காசு மாற்றுகிற வழி)? சிரிக்கவேண்டாம். உண்டியலில் வந்த காசு எந்தக் கணினியிலும் இல்லை. அந்த வீட்டுக்காரர் பல வருடமாக ஒரு தவணை தவறாமல் சீட்டுக் கட்டியதும் இல்லை. கூட்டுறவுச் சங்கத்தில் சிக்கனக் கடன் வாங்கித் திருப்பியது சங்கத்துப் பேரேட்டில் நீல மையில் இருக்கிறது. பேரேடு அலுமாரியில் இருக்கிறது. திறப்பு பொருளாளரிடம் இருக்கிறது.

ஆக, ஒழுங்காகக் காசு கட்டுகிற பழக்கம் ஊரில் நிறைய உண்டு. கணினிக்குத் தெரிகிற பக்கத்தில் இருப்பது லீசிங் தவணை பிந்தியதும், காசோலை திரும்பியதும்தான். எங்களுடைய நல்ல பழக்கம் கொப்பியில், கெட்ட பழக்கம் கணினியில். சங்கத்துப் பேரேட்டைக் கணினியில் ஏற்றிக் கொடுக்க யாராவது முன்வந்தால், எந்தப் பெரிய ஏஐயையும்விட அது பிரயோசனம். ஒரு நிபந்தனை: ஏற்றியதை யாருக்குக் காட்டுவது என்று உறுப்பினர்தான் சொல்லவேண்டும்.

10 பெப்ரவரி

நேற்று நாடு முழுக்க இருட்டு. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததாம். நாடளாவிய மின் வலையமைப்பை ஏஐ கொண்டு ஒழுங்குபடுத்துவது பற்றி முந்தநாள் இங்கே ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். முதலில் குரங்குக்கு ஒரு வேலி.

16 பெப்ரவரி

குரங்குப் பகிடியோடு விட்டிருக்கலாம், ஆனால் விசயம் அதைவிடப் பெரிது. மின்சார சபை பிறகு சொன்ன விளக்கத்தைப் பார்த்தீர்களா? ஞாயிற்றுக்கிழமை, தேவை குறைவு, வெயில் நல்லது, கூரைச் சோலார் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. சுழல்கிற பெரிய இயந்திரங்கள் குறைவாக ஓடியதால் வலையமைப்புக்கு அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை என்கிறார்கள். அடுத்த மூன்று மணித்தியாலத்தில் எவ்வளவு வெயில், எவ்வளவு தேவை என்று முன்கூட்டிக் கணிப்பது கணினிக்கு நன்றாக வரும் வேலை. முகில் நகர்வதைச் செய்மதிப் படத்தில் பார்த்துக் கணிக்கிறார்கள். பல நாடுகளில் அன்றாடம் நடப்பது. பசுமை நிதி என்றால் பனலுக்குக் கடன் கொடுப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கணிப்புக்கும் பற்றரிக்கும் காசு போடாமல் பனலுக்கு மட்டும் கடன் கொடுத்துக்கொண்டு போனால், பனல் போட்டவரே மத்தியானத்தில் நிறுத்திவைக்கவேண்டி வரும்.

2 மார்ச்

இனி என் கையில் இருக்கிற ஒரு விசயம். நான் கணக்குப் பார்க்கிற ஒரு மில்காரர் கூரையில் சோலார் போடக் கடன் கேட்கிறார். மிளகாய்த்தூள், அரிசிமா, கறித்தூள் அரைக்கிற மில். காலை தொடங்கிப் பின்னேரத்துக்குள் மோட்டார் ஓடி முடிந்துவிடும், அதனால் சோலாருக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் கிடையாது. வங்கியின் பசுமைக் கடன் படிவத்தில், இத்தனை பக்கத்துக்கு நடுவில் ஒரு கேள்வி: வருடத்துக்கு எத்தனை தொன் காபனீரொட்சைட்டைக் குறைப்பீர்கள்? மில்காரர் என்னைப் பார்த்தார். நான் சாட்ஜிபிடியைப் பார்த்தேன். அது ஒரு நொடியில் அழகான பதில் தந்தது. தசமம் எல்லாம் சரி. ஆனால் ஒரு அலகு மின்சாரத்துக்கு எவ்வளவு காபன் என்ற எண்ணை நிலக்கரியில் ஓடுகிற இன்னொரு நாட்டிலிருந்து எடுத்திருந்தது. நீர்மின்சாரம் நிறைய உள்ள இலங்கைக்கு அது பொருந்தாது. எங்கள் மில் ஒரு காட்டையே காப்பாற்றுகிற மாதிரித் தொகை வந்தது. திருத்தித்தான் எழுதினேன். திருத்தாமல் அனுப்புகிறவர்கள் எத்தனை பேரோ. அந்தத் தொகைகள்தான் பிறகு வங்கியின் ஆண்டறிக்கையில் 'பசுமைக் கடன்களால் குறைந்த காபன்' என்று பச்சைப் படத்தோடு வரும்.

மத்திய வங்கி 2019-இல் நிலைபேறான நிதிக்கு (சூழலைக் கெடுக்காத தொழிலுக்குக் காசு) வழிவரைபடம் போட்டது. 2022-இல் எது பசுமை, எது பசுமையில்லை என்று வகைப்படுத்தல் ஒன்றையும் வெளியிட்டது. காகிதத்தில் குறை சொல்ல இடமில்லை. சுன்னாகத்து மில்லில் அந்தக் காகிதத்தை நிரப்புகிறவர் யார் என்பதுதான் கேள்வி.

9 மார்ச்

'செய்மதிப் படத்தில் பயிரைப் பார்த்தே கடன் கொடுக்கலாம்' என்கிற செய்மதி ஆதரவாளருக்கு. ஐரோப்பாவின் சென்ரினல்-2 செய்மதி எடுக்கிற படங்கள் இலவசம், ஐந்து நாளைக்கு ஒருமுறை வரும், பயிர் பச்சையாக இருக்கிறதா, வாடுகிறதா என்று காட்டும். எல்லாம் சரி. அந்தப் படத்தின் மிகச் சின்னப் புள்ளி, அதாவது ஒரு கட்டம், 10 மீற்றருக்கு 10 மீற்றர். எங்கள் அளவு பரப்பு; 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர், அதாவது இரண்டரைக் கட்டம். ஒருவர் இரண்டு பரப்பில் வெங்காயம் வைத்திருக்கிறார், ஒரு பக்கம் வாழை, மறுபக்கம் பனை வேலி என்றால், அவருடைய வெங்காயத்துக்கென்று கலப்பில்லாத ஒரு கட்டம்கூடக் கிடைக்குமோ தெரியாது. வாழை செழித்தால் வெங்காயமும் செழித்ததாகப் படம் சொல்லும்.

பிறகு முகில். கார்த்திகை, மார்கழி மழையில்தான் பயிர் அழிகிறது. அந்த மாதங்களில்தான் வானமே தெரியாது.

11 மார்ச்

முந்தைய பதிவில் செய்மதியை நன்றாக அடித்துவிட்டேன் என்று ஒரு தங்கச்சி கோபித்திருக்கிறார். வெங்காயத்தைப் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. நெல்லுக்குக் கணக்கு வேறு. தென்மராட்சி வயல்கள் அடுத்தடுத்து விரிந்து கிடக்கின்றன, எல்லோரும் ஒரே போகம், ஒரே பயிர். சென்ரினல்-1 ராடார் முகிலுக்குள்ளாலும் பார்க்கும், நிற்கிற வெள்ளத்தைக் காட்டும். போன நவம்பர் வெள்ளத்துக்கு அந்தப் படங்களை வைத்து வயல் வயலாக இழப்பீட்டை ஓரளவு நியாயமாகப் பிரித்திருக்கலாம். இழப்பைப் பதியவென்று வரிசையில் நின்றவர்களுக்கு நேரமாவது மிஞ்சியிருக்கும்.

மழைமானியை வைத்துக் கொடுக்கிற காப்புறுதியும் இதே இடத்தில்தான் இடறுகிறது. இத்தனை மில்லிமீற்றருக்கு மேல் பெய்தால் காசு என்று ஒப்பந்தம். மானி யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும், மழை வடமராட்சியில் கொட்டும். பயிர் போய்விடும், காசு வராது. மானிகள் அடுத்தடுத்து இருந்தால் இந்த இடைவெளி குறையும். ஒரு பாடசாலைக்கு ஒரு மழைமானி என்று வைத்தாலே போதும், பிள்ளைகள் வாசித்து எழுதுவார்கள்.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்து. மின்சார சபை, 13 முதல் 21 வரை பகலில் பின்னேரம் மூன்று மணி வரைக்கும் கூரைச் சோலாரை நிறுத்திவைக்கும்படி கேட்டிருக்கிறது. பெப்ரவரியில் எழுதியதைத் தேடிப் படிக்கவும். மில்காரர் கேட்டார், "கடன் தவணையையும் மூன்று மணி வரைக்கும் நிறுத்தலாமோ?"

27 ஏப்ரல்

'பத்து வருடத் தரவு போதும், ஏஐ கற்றுக்கொள்ளும்' என்று ஒருவர். எந்தப் பத்து வருடம்? 2021-இல் ஒரு உத்தரவில் இரசாயன உரம் இல்லை என்றார்கள், நவம்பரில் திரும்ப விட்டார்கள். 2022-இல் நாடு கடன் கட்டமுடியாது என்றது. அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. மண்ணெண்ணெயில் இறைத்துக்கொண்டிருந்த தோட்டக்காரரின் செலவுக் கணக்கு அந்த இரவோடு வேறு கணக்கு. அதற்கு முந்திய தரவில் படித்த ஏஐ, 'சோலார் பம்புக்குக் கடன் கொடுக்காதே, லாபமில்லை' என்று சொல்லியிருக்கும்; 2022 தரவில் மட்டும் படித்தது, 'எல்லோருக்கும் கொடு' என்று சொல்லும். அதற்கும் பின்னால் போனால் சண்டை, யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ-9 பாதை மூடியது, சுனாமி. இங்கே பழையதைப் பார்த்து வருவதைச் சொல்வது சாத்திரக்காரருக்கே சிரமம்.

28 ஏப்ரல்

"ஏஐயே மின்சாரம் தின்கிறதே, அது எப்படி நிலைபேறு?" நியாயமான கேள்வி. சர்வதேச எரிசக்தி முகவரகத்தின் மதிப்பீட்டில், 2024-இல் உலகத் தரவு மையங்கள் எரித்தது ஏறத்தாழ 415 தெராவாற் மணி, உலக மின்சாரத்தில் ஒன்றரைச் சதவீதம். இலங்கை வருடம் முழுக்க உற்பத்தி செய்வதைப்போல இருபது மடங்குக்கு மேல். ஆனால் ஒருவர் கடனைக் கட்டுவாரா என்று கணிக்க அந்தப் பெரிய இயந்திரம் வேண்டாம். பழைய புள்ளிவிவரச் சூத்திரம் ஒன்று, மடிக்கணினியில் ஒரு நிமிடத்தில் ஓடும். பேர் மட்டும் இப்போது ஏஐ. விற்கிறவருக்கு அது வசதி.

18 மே

மீனவர் ஊரான குருநகர்ப் பக்கத்திலிருந்து எழுதியவருக்கு நேரம் எடுத்துப் பதில் எழுதுகிறேன், அவருடைய கேள்வி நல்லது. "கடலில் என்ன செய்யும் உங்கள் ஏஐ?"

தரவால் சந்தை திறந்த உதாரணம் கடலில்தான் இருக்கிறது. 2015 தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனை நிறுத்தியது. சட்டவிரோத மீன்பிடியைக் கண்காணிக்கவில்லை என்பது காரணம். பலநாள் கலங்களுக்குச் செய்மதிக் கருவி பூட்டி, பதிவேடு ஒழுங்காக்கி, 2016 ஜூனில் தடை நீங்கியது. எங்கே பிடித்தேன் என்று காட்டமுடிந்தவருக்குச் சந்தை கிடைத்தது. எங்கள் பக்கம் பெரும்பாலும் ஒருநாள் படகு, அந்தக் கருவி இதற்கு இல்லை.

இன்னொன்று. அக்கரையிலிருந்து இழுவைப்படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போகிறது. வலை லீசிங் காசில் வாங்கியது. தவணை பிந்தினால் கணினியில் 'கட்டாதவர்' என்று விழும். ஏன் பிந்தியது என்பதற்குக் கட்டம் இல்லை. ராடார்ப் படத்தில் ஏஐயை விட்டு, இருப்பிடம் அறிவிக்காமல் ஓடுகிற கலங்களை எண்ணியிருக்கிறார்கள். உலகத் தொழில்முறை மீன்பிடிக் கலங்களில் முக்கால்வாசி பொதுக் கண்காணிப்பில் தெரிவதில்லை என்று 2024 ஜனவரியில் 'நேச்சர்' ஆய்விதழில் வந்தது. 'அன்றிரவு அந்த இடத்தில் இழுவைப்படகு நின்றது' என்று படம் காட்டினால், அதை வைத்துத் தவணையைத் தள்ளிப்போடும்படி கேட்கலாமே. சிக்கல், ஒரு ராடார்ச் செய்மதி அதே பாதைக்குத் திரும்பப் பன்னிரண்டு நாளாகும். இழுவைப்படகு கிழமையில் மூன்று நாள் வருகிறது. அவர்களுடைய அட்டவணை ஒழுங்கு.

22 ஜூன்

போன கிழமை ஒரு கடன் செயலியை என் போனில் இறக்கிப் பார்த்தேன். பேர் வேண்டாம். கடன் தொகை கேட்பதற்கு முன்னமே தொடர்பு இலக்கங்கள், குறுஞ்செய்திகள், இருப்பிடம், படங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டது. படங்கள் எதற்கு? என் பேரனின் காதுகுத்துப் படத்தில் என் கடன்தகுதி எங்கே இருக்கிறது? நிபந்தனை முழுக்க ஆங்கிலம், 'சம்மதம்' என்ற பொத்தான் மட்டும் தமிழ். அழித்துவிட்டேன்.

2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் நல்ல பிரிவு ஒன்று உண்டு. இயந்திரம் மட்டும் எடுத்த முடிவால் பாதிக்கப்பட்டால், அதை மீளாய்வு செய்யும்படி கேட்கலாம். இந்த மார்ச்சில் முழுமையாக நடைமுறைக்கு வரவேண்டியது, தள்ளிப்போட்டார்கள். அதுவரைக்கும் கையில் இருக்கிற உரிமை ஒன்று: கிறிப் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம், பிழை இருந்தால் முறையிடலாம். கடனுக்குப் போகமுன் எடுங்கள். தீர்த்து முடித்த லீசிங் இன்னும் நிலுவை என்று நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

23 ஜூன்

மீளாய்வு ஏன் முக்கியம் என்று கேட்ட தம்பி, அவுஸ்திரேலியாவின் 'ரோபோடெட்' விவகாரத்தைப் படிக்கவும். 2015 முதல் 2019 வரை நடந்தது, 2023-இல் அரச ஆணைக்குழு அறிக்கை வந்தது. உதவிப்பணம் வாங்கியவர்களின் வருட வருமானத்தை எடுத்து, இரண்டு கிழமைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்து, 'நீ கூட வாங்கிவிட்டாய், திருப்பிக் கட்டு' என்று கணினி கடிதம் அனுப்பியது. வேலை சில மாதம் இருக்கும், சில மாதம் இராது என்பது அந்தச் சராசரியில் இல்லை.

வெங்காயக்காரர் வருடத்தில் இரண்டு மூன்று தடவை காசைக் காண்கிறவர். வருட வருமானத்தைப் பன்னிரண்டால் வகுத்து மாதத் தவணை போடுகிற எந்த முறையும் அதே தவறைத்தான் செய்கிறது, கடிதம் மட்டும் இன்னும் வரவில்லை.

6 ஜூலை

இந்த இழையில் எனக்கு உண்மையாகவே அக்கறையான இடம் கிணறு. சோலார், கடன் எல்லாம் பிறகு.

எங்களுக்கு ஆறில்லை, வழுக்கை ஆறும் மழைக்கு மட்டும். சுண்ணாம்புக்கல்லுக்குள் மழைநீர் தேங்கி நிற்கிறது, கீழே உப்புநீர், மேலே நன்னீர். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு ஏறும். உரம் மிஞ்சினால் நைத்திரேற்று இறங்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, எங்கள் தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டியவை.

பெரிய கொம்பனிகளுக்கு இப்போது ஒருவகைக் கடன் உண்டு. இன்ன வருடத்துக்குள் இவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று இலக்கு வைத்து, எட்டினால் வட்டி குறையும், எட்டாவிட்டால் கூடும். இதைத் தோட்டக்காரருக்குக் கொடுக்கலாமா என்று நெடுக யோசித்தேன். உப்பை அளக்கிற பேனை மாதிரியான மானி பெரிய விலையில்லை. கிணற்றில் விட்டால் இலக்கம் காட்டும், போனில் பதியலாம். ஈரப்பத உணரி ஒன்றை மண்ணில் புதைத்தால், இன்றைக்கு இறைக்கத் தேவையில்லை என்று சொல்லும். இறைப்புக் குறைந்தால் மின்கட்டணம் குறையும், உரமும் கீழே கழுவுண்டு போகாது.

ஆனால் என் கிணற்று உப்பு என் பம்பால் மட்டும் வருவதில்லை. நான் சிக்கனமாக இறைக்க, பக்கத்துத் தோட்டக்காரர் இரண்டு குதிரைவலுப் பம்பை விடிய விடிய ஓடவிட்டால் என் மானியிலும் இலக்கம் ஏறும். என் வட்டியும் ஏறும். ஆளுக்கு ஆள் புள்ளி போடுகிற முறை நிலத்தடி நீருக்கு அடிப்படையிலேயே பொருந்தாது. கடன் கமக்காரர் அமைப்புக்கு வரவேண்டும், இலக்கு ஒரு ஒழுங்கையில் (சந்தில்) உள்ள கிணறுகள் எல்லாவற்றின் சராசரிக்கு வைக்கவேண்டும், பதிவேடு அமைப்பிடம் இருக்கவேண்டும். அப்போது பக்கத்துக்காரருடைய பம்பைப் பற்றிக் கேட்க எனக்கு ஒரு நியாயம் கிடைக்கும். சண்டையும் வரும், அதற்கு ஏஐயிடம் மருந்தில்லை.

7 ஜூலை

"தாளையடியில் கடல்நீரை நன்னீராக்குகிற நிலையம் வந்துவிட்டதே, பிறகென்ன கிணற்றுக் கவலை?" அண்ணை, அது 2024 ஆகஸ்டில் திறந்தது, குடிநீருக்கு. அந்தத் தண்ணீரில் வெங்காயத்துக்கு இறைத்தால் வெங்காயத்தை நகைக்கடையில்தான் விற்கவேண்டும்.

20 ஜூலை

இன்னொரு பக்கத்திலிருந்தும் நெருக்கம் வருகிறது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட பெரிய நிறுவனங்கள் 2025 முதல் காலநிலை அறிக்கை எழுதவேண்டும், சர்வதேசத் தரத்தைத் தழுவி இங்கேயும் கணக்கீட்டுத் தரம் வந்திருக்கிறது. கொழும்பில் அறிக்கை எழுதுகிறவர் தனக்குப் பொருள் கொடுக்கிறவரிடம் கேட்பார், அவர் எங்களிடம் கேட்பார். பனங்கட்டி விற்கிற மாதர் சங்கத்துக்கு ஒரு நாள் 'உங்கள் காபன் எவ்வளவு' என்று எக்ஸெல் தாள் வரும். என்ன விறகு, எத்தனை கட்டு என்று இப்போதே ஒரு கொப்பியில் எழுதிவைக்கும்படி சொல்லியிருக்கிறேன். ஏன் என்று விளங்கப்படுத்தத்தான் நேரம் எடுத்தது.

31 ஆகஸ்ட்

மில் கடன் என்ன ஆனது என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். கிடைத்துவிட்டது, கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவாக.

வங்கிக் கணினியின் கடன்தகுதிப் புள்ளி முறை முதலில் தட்டிக்கழித்தது. அது பார்த்தது ஆறு மாத வங்கிக் கணக்கை மட்டும், அதில் நல்லூர்த் திருவிழாக் காலம் இல்லை. வெளிநாட்டுச் சனம் வந்து திரும்பும்போது கிலோக் கணக்கில் தூள் அரைத்துக்கொண்டு போகிற காலம் அது. மில்லுக்கு வருடத்தில் பெரிய பங்கு அதில்தான். மின்மானி வாசிப்பை மில்காரரின் மகள் நாளுக்கு நாள் ஒரு நாட்குறிப்பில் எழுதிவைத்திருந்தாள். இரண்டு வருட வாசிப்பைத் தட்டச்சு செய்து ஏஐயிடம் வரைபடம் போடச் சொன்னேன். ஆடி, ஆவணியில் மலை மாதிரி ஏறி இறங்கியது. மோட்டார் ஓடாமல் மானி ஓடாது, ஆகவே விற்பனையைப் பற்றி யாரும் சந்தேகப்பட இடமில்லை. கிளை முகாமையாளர் அதைப் பார்த்துவிட்டுத் தன் பொறுப்பில் மேலே அனுப்பினார். இயந்திரம் விட்டதை இன்னொரு இயந்திரத்தின் படத்தைக் காட்டி மனிதரிடம் வாங்கினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சோலார் போடுகிறவர்கள் விற்கிற மின்சாரத்துக்குக் கொடுக்கிற அலகு விலையை இதற்கிடையில் குறைத்துவிட்டார்கள். விற்கிற கணக்கை விட்டுவிட்டு, மில்லே பகலில் பாவிக்கிற அளவுக்குப் பனலைக் குறைத்தோம். கடன் குறைந்ததும் அதனால்தான்.

ஆவணியில் கூடுதலாகவும் மற்ற மாதங்களில் குறைவாகவும் தவணை கட்டலாமா என்று கேட்டோம். கணினியில் அதற்குத் தெரிவு இல்லையாம், மாதாமாதம் ஒரே தொகைதான். மில்காரர் ஒப்பம் வைத்துவிட்டு வெளியே வந்ததும் நேராகச் சீட்டுக்காரரிடம் போனார். திருவிழாக் காசைச் சீட்டில் கட்டி, பங்குனியில் எடுக்கிற மாதிரி ஒரு இடம் பிடித்துவிட்டார்.